பொழுது நீளுது, ஆனால் காலையில் இல்லை

மகளுக்கு ஸ்கூல் வேன் காலை 6.40-க்கு வரும். அரையாண்டுப் பரீட்சை நடந்த டிசம்பரில் அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தலையில் மஞ்சள் வெயில் விழுந்திருக்கும். பொங்கல் லீவு முடிந்து முதல் நாள் வந்து நின்றால், அதே 6.40, தொட்டி மேல் வெயிலைக் காணோம். பால்காரர் வண்டியில் லைட் எரிகிறது.

"அப்பா, டிசம்பர் 22-தான் ரொம்பக் குட்டிப் பகல்னு புக்ல போட்டிருக்கு. அதுக்கப்புறம் நீளணும்ல? இது என்ன, இன்னும் இருட்டிக்கிட்டுப் போகுது?"

வேன் வந்துவிட்டதால் அப்போது தப்பித்தேன். சாயங்காலம் வந்ததும் விடமாட்டாள் என்று தெரியும். அவள் சொன்னது சரி, புத்தகத்தில் இருப்பதும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மதுரையில் இருப்பவர்கள் தங்கள் மொட்டை மாடியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பகல் ஏன் கூடிக் குறைகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு சாத்துக்குடியில் விளக்குமாற்று ஈர்க்கை மேலிருந்து கீழாகக் குத்திக்கொள்ளுங்கள். ஈர்க்குதான் பூமியின் அச்சு. அதை நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். பூமியின் உண்மையான சாய்வு 23.4 பாகை. இருட்டறையில் ஒரு குண்டு பல்பின் முன்னால், ஈர்க்கின் மேல் நுனி பல்பை விட்டு விலகிச் சாயும்படி வைத்தால் அது டிசம்பர். சாய்வை மாற்றாமல் பல்பின் மறுபக்கம் கொண்டுபோனால் மேல் நுனி பல்பை நோக்கி இருக்கும். அது ஜூன்.

இப்போது பேனாவால் இரண்டு கோடுகள், சாத்துக்குடியைச் சுற்றி வளையல் மாதிரி. ஒன்று நடு இடுப்புக்குச் சற்று மேலே, அதுதான் மதுரை. நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 9.9 பாகை வடக்கே இருக்கிறோம். இன்னொன்று நன்றாக மேலே, லண்டன் இருக்கும் இடத்தில். டிசம்பர் நிலையில் வைத்துப் பார்த்தால் லண்டன் வளையத்தில் பெரும்பகுதி இருட்டுக்குள் கிடக்கும், மதுரை வளையத்தில் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சத்தில்தான் இருக்கும். அதனால்தான் லண்டனில் அன்றைய பகல் 8 மணி நேரம்கூடத் தேறாது. டெல்லியில் 10 மணி 20 நிமிடம் போல வரும். மதுரையில் 11 மணி 33 நிமிடம். ஜூன் 21-ல் நம் பகல் 12 மணி 42 நிமிடம். ஆக, ஒரு வருடம் முழுக்க மதுரைப் பகல் நீண்டு சுருங்குவதெல்லாம் ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற சமாசாரம். லண்டன்காரர்களுக்கு இது ஏறக்குறைய 9 மணி நேரம். அவர்கள் டிசம்பர் 22-ஐக் கொண்டாடினால் அதில் நியாயம் இருக்கிறது.

சூரியன் தென்கோடிக்குப் போய்த் திரும்பும் அந்த நாளைக் கதிர்த்திருப்பம் என்கிறோம். டிசம்பர் 21 அல்லது 22-ல் வரும். தமிழ்க் கணக்கில் மார்கழி 6, 7 தேதிவாக்கில். திருப்பம் என்றதும் பஸ் சடாரென்று வளைவதுபோல நினைத்துக்கொள்ளக் கூடாது. உழவு மாடு வரப்போரம் வந்து திரும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடை தளர்ந்து, ஒரு கணம் நின்றது போலிருந்து, அப்புறம்தான் மறுசாலில் இறங்கும். சூரியனும் அப்படித்தான். டிசம்பர் 18-லிருந்து 25 வரைக்கும் அது மறையும் இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமே இருக்காது. பகலின் நீளம் ஒரு நாளைக்குச் சில வினாடிதான் கூடும், குறையும். மார்ச் மாதத்தில் பார்த்தால் மாடு நடுச்சாலில் விறுவிறுவென்று நடக்கிறது. அப்போது மதுரையில் பகல் தினமும் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளும்.

இதுவரைக்கும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. மகளின் கேள்விக்கு இது பதில் இல்லை.

பதிலுக்குச் சில நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் மதுரைக்கு உரியவை. வருடத்துக்கு வருடம் ஒரு நிமிடம் இப்படி அப்படி இருக்கலாம். டிசம்பர் 21-ல் சூரியன் உதிப்பது காலை 6.29, மறைவது மாலை 6.02. ஜனவரி 14, பொங்கலன்று, உதயம் 6.38, மறைவு 6.14. கழித்துப் பாருங்கள். பகல் 11 மணி 33 நிமிடத்திலிருந்து 11 மணி 36 நிமிடம் ஆகியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஓடி, மூன்றே நிமிடம்!

ஆனால் அந்த மூன்று நிமிடம் வந்த விதத்தைக் கவனியுங்கள். சாயங்காலம் 12 நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது. காலையும் 9 நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது. வரவு 12, செலவு 9, மிச்சம் 3.

தரையில் விரித்த பாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாய்தான் பகல். இடது ஓரம் விடியல், வலது ஓரம் அந்தி. பகல் நீள்வதென்றால் பாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பெரிசாக்குவது போல, இடது ஓரம் இடப்பக்கமும் வலது ஓரம் வலப்பக்கமும் நகர வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். மார்கழியிலும் தையிலும் நடப்பது வேறு. பாய் இரண்டு விரல் நீள்கிறது. அதே சமயம் யாரோ பாயையே ஒரு சாண் வலப்பக்கமாக இழுத்துப் போடுகிறார்கள். வலது ஓரத்தில் நிற்கிறவருக்கு "அடேயப்பா, எவ்வளவு நீண்டுவிட்டது" என்று தோன்றும். இடது ஓரத்தில் என் மகள் நிற்கிறாள். அவளுக்குப் பாய் சுருங்கிவிட்டது.

ஆக, தை மாதத்தில் "இப்பல்லாம் லேட்டாத்தான் இருட்டுது" என்று மதுரையில் யாராவது சொன்னால், அந்த 12 நிமிடத்தில் பகல் நீண்டதால் வந்தது ஒன்றரை நிமிடம் மட்டுமே. மிச்சம் பத்தரை நிமிடம் பாய் நகர்ந்ததால் வந்தது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருடமாக எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம் என்று!

பாயை இழுப்பது யார்? பாயின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அது உச்சிப்பொழுது, சூரியன் அன்றைக்கு ஏறக்கூடிய உயரத்துக்கு ஏறி நிற்கும் கணம். அது 12 மணிக்கு வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மதுரையில் அப்படி வருவதில்லை. இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை, உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கம் ஓடும் கோட்டை, வைத்து ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே, 78.1 பாகையில் இருக்கிறோம். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். அந்தக் கணக்கில் நம் உச்சிப்பொழுது சராசரியாக 12.17-க்குத்தான் வரும். இதே கணக்கில்தான் சென்னையும். நமக்குக் கிழக்கே இருப்பதால், கொஞ்சம் வடக்கே இருப்பதாலும், டிசம்பரில் அங்கே 5.48-க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அங்கே கட்டிக்கொடுத்திருக்கும் தங்கை போனில் "விளக்கு வச்சாச்சு" என்பாள். நான் மாடியில் வெயிலில் நின்றுகொண்டிருப்பேன்.

சரி, 12.17 என்றது சராசரி. அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் மதுரையின் உச்சிப்பொழுது 12.01. டிசம்பர் 21-ல் 12.15 தாண்டியாயிற்று. பொங்கலன்று 12.26. பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் 12.31 தாண்டி, அங்கிருந்து திரும்பிவிடும். மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நகர்கிறது. இதுதான் பாயை இழுக்கும் கை.

உச்சிப்பொழுது ஏன் நகர வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போவோம். நடுவில் மைய மண்டபம். அதுதான் சூரியன். நீங்கள் பூமி. குளக்கரையை வலமாகச் சுற்றி நடக்கிறீர்கள். நடந்துகொண்டே தட்டாமாலை சுற்றுவது மாதிரி உங்களை நீங்களே வலமாகச் சுற்றிக்கொள்கிறீர்கள். (தெப்பத் திருவிழா அன்றைக்கு வேண்டாம், கூட்டத்தில் அடி விழும்.) மைய மண்டபத்தைப் பார்த்தபடி தொடங்கி, சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றால், மண்டபம் இப்போது நேர் எதிரே இருக்காது. சுற்றிய நேரத்தில் நாலு எட்டு நடந்துவிட்டீர்களே. மறுபடி மண்டபத்துக்கு முகம் கொடுக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். பூமியும் அப்படித்தான். தன்னைத்தானே ஒரு சுற்று முடிக்க அதற்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடிதான் ஆகிறது. சூரியனுக்கு மறுபடி முகம் கொடுக்க அந்தக் கூடுதல் திருப்பம் வேண்டும். அதையும் சேர்த்துத்தான் 24 மணி நேரம்.

இந்தக் கூடுதல் எல்லா நாளும் ஒரே அளவு இல்லை. காரணம் இரண்டு. பூமியின் பாதை சுத்தமான வட்டம் கிடையாது. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் வரும்போது வேகம் கூடும். கரையில் வேகமாக நடக்கிறவர் கூடுதலாகத் திரும்ப வேண்டும் இல்லையா? இரண்டாவது காரணம் அந்தச் சாத்துக்குடிச் சாய்வுதான். வருடம் முழுக்கச் சூரியன் நட்சத்திரங்களின் நடுவே நகரும் பாதை வானத்தில் சாய்வாகக் கிடக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதன் நகர்வில் ஒரு பங்கு வடக்கு தெற்காகச் செலவாகிவிடும். கதிர்த்திருப்பத்தின்போது வடக்கு தெற்கு அசைவு நின்றுவிடுவதால் முழு நகர்வும் கிழக்குப் பக்கமாகவே போகிறது. பூமி அதைத் துரத்திப் பிடிக்கக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இரண்டில் இந்தச் சாய்வுக்குத்தான் பங்கு அதிகம்.

டிசம்பர் கடைசியில் இரண்டு காரணமும் ஒன்றாகக் கை கோத்துக்கொள்கின்றன. அப்போது ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை 24 மணி நேரமும் அதோடு ஓர் அரை நிமிடமும் ஆகிறது. கடிகாரம் அந்த அரை நிமிடத்தைக் கண்டுகொள்வதில்லை. நாளுக்கு அரை நிமிடம் என்றால் பத்து நாளில் 5 நிமிடம், ஒரு மாதத்தில் கால் மணி நேரம். பகலோ அந்த நாட்களில் வினாடிக் கணக்கில்தான் நீள்கிறது. வினாடிக்கும் அரை நிமிடத்துக்கும் போட்டி என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அதனால் காலை தள்ளிக்கொண்டே போகிறது. ஜனவரி 28, 30 வாக்கில்தான், உச்சிப்பொழுதின் நகர்வு தளர்ந்து, பகலின் நீட்சியில் காலைக்கு வரும் பாதி அதை எட்டிப் பிடிக்கிறது. மதுரையின் மிகத் தாமதமான சூரிய உதயம் அப்போதுதான், காலை 6.40. கதிர்த்திருப்பம் முடிந்து ஐந்து வாரம் கழித்து!

இதன் மறுபக்கமும் உண்டு. மாலை சீக்கிரம் இருட்டுவதன் உச்சம் டிசம்பரில் இல்லை. நவம்பர் நடுவில், கார்த்திகை பிறக்கும் சமயத்தில், 5.52-க்கே சூரியன் இறங்கிவிடுகிறது. அதிலிருந்து சாயங்காலம் நீள ஆரம்பித்துவிட்டது, நாம்தான் கவனிப்பதில்லை. கவனிக்க முடியாததற்கும் காரணம் இருக்கிறது. அது மழைக்காலம். நவம்பர் டிசம்பரில் பாதி நாள் மேகம் மூடி, மதியம் நாலு மணிக்கே மசங்கல் மாதிரி ஆகிவிடும். ஒரு வருடம் கார்த்திகை முதல் தேதியிலிருந்து சூரியன் மறையும் நேரத்தைத் தினமும் குறிப்பது என்று கிளம்பினேன். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தேன். முதல் இரண்டு வாரத் தாள்களில் "மேகம்", "மேகம்", "மழை", "மேகம்", ஒரே ஒரு நாள் "5.53?" என்று கேள்விக்குறியோடு. அதோடு நோட்டம் நின்று, மார்கழியில்தான் மறுபடி தொடங்கினேன்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் இந்த விளையாட்டு நமக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. உச்சிப்பொழுது நகர்வது உலகம் முழுக்க ஒரே அளவுதான். ஆனால் லண்டனில் பகலே மடமடவென்று நீள்வதால் அதில் இது முங்கிப் போகும். அங்கே விடியல் ஜனவரி தொடங்கிய சில நாளிலேயே முன்னேற ஆரம்பித்துவிடும். நமக்குப் பகலின் நீட்சி சிறிசு, அதனால் நகர்வு மேலோங்கி நிற்கிறது.

எங்கள் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது பாதி கேட்டார். வாடிப்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், கருக்கலில் எழுந்து சாணி தெளித்தவர். "அதான் தைக்குப் பெறகு வெள்ளென எந்திரிச்சாலும் விடியவே மாட்டேங்கும்" என்றார். அவ்வளவுதான். அவருக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். காரணம்தான் புதுசு, காரணத்தில் அவருக்கு அக்கறை இல்லை.

அக்கறை இருந்தது வேறொன்றில். "தை ஒண்ணுலதானடா உத்தராயணம்? நீ மார்கழிங்குற?" நல்ல கேள்வி. நம் மாதங்கள் சூரியன் நட்சத்திரங்களின் நடுவே எந்த ராசியில் நிற்கிறது என்பதை வைத்துப் பிறக்கின்றன. மகர ராசிக்குள் நுழைந்தால் தை. ஒரு காலத்தில், இன்றைக்குச் சுமார் 1700 வருடத்துக்கு முன்பு, சூரியன் மகரத்தில் நுழைவதும் தென்கோடியில் திரும்புவதும் ஏறக்குறைய ஒரே நாளில் நடந்தன. ஆனால் பூமியின் அச்சு, தளர்ந்த பம்பரத்தின் தலை மாதிரி, மிக மெதுவாக ஒரு வட்டம் போடுகிறது. ஒரு வட்டத்துக்குச் சுமார் 26,000 வருடம். இதனால் 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் திருப்பமும் ராசியும் விலகிக்கொண்டே வந்து, இப்போது 24 நாள் இடைவெளி விழுந்துவிட்டது. பஞ்சாங்கம் ராசியைப் பிடித்துக்கொண்டது, பாடப் புத்தகம் திருப்பத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு அளவுகோல். எந்த நாளைக் கொண்டாடுவது என்று கேட்டால் எனக்குத் தை 1-தான் சம்மதம். டிசம்பர் 21-ல் வானத்தைப் பார்த்தால் மதுரையில் ஒன்றுமே தெரியாது. பொங்கலன்று சாயங்காலம் மாடிக்கு ஏறினால் 12 நிமிட வெளிச்சம் கையில் வந்து விழுகிறது. அதில் பத்தரை நிமிடம் கடன் வாங்கியது என்பது வேறு விஷயம்.

அதே பொங்கல் காலையில் நிலைமை தலைகீழ். அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு இடம் பிடிக்க வெள்ளென கிளம்புகிறவர்கள், வருடத்தின் மிகத் தாமதமான விடியல்களில் ஒன்றில்தான் வெடவெடவென்று போய் நிற்கிறார்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் நீள ஆரம்பித்தபின் குளிர் குறையத்தானே வேண்டும்? தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள். பகல் நீளத் தொடங்கினாலும் அது இன்னும் இரவைவிடச் சின்னதுதான், வெயிலும் சாய்வாகத்தான் விழுகிறது. மழைக்கால மேகமும் கலைந்துவிடுவதால், பகலில் தரை வாங்கிய சூடு இரவில் திறந்த வானத்துக்குப் போய்விடுகிறது. வரவு கூட ஆரம்பித்ததும் கடன் உடனே தீர்ந்துவிடுமா? அது மாதிரி. இன்னொன்று, பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது இந்தக் குளிர்காலத்தில்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா? சூரியன் பக்கத்தில் வந்தால் வெயில், தூரப் போனால் குளிர் என்று நினைத்திருந்தவர்கள் அதை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

இனி நீங்களே பார்க்கும் வழி. கடிகார நேரத்தைக் குறிப்பது ஒரு வழி, ஆனால் அதில் இரண்டு விஷயமும் கலந்துவிடுகிறது. பாய் நீண்டதா நகர்ந்ததா என்று தெரியாது. சூரியன் வடக்கே திரும்புவதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் இடத்தையும் நிழலையும் பார்க்க வேண்டும்.

இடம் பார்ப்பது சுலபம். எங்கள் வீடு கோச்சடைப் பக்கம், மேற்கே நாகமலை. மாடியில் எப்போதும் ஒரே மூலையில், துணி காயப்போடும் கம்பியின் இடது கால் பக்கத்தில் நின்றுகொள்வேன். டிசம்பரில் சூரியன் ஒரு செல்போன் டவருக்கு இடப்பக்கம் இறங்கும். வாரம் முழுக்க அதே இடம். பொங்கலுக்குள் டவரை வலப்பக்கமாகத் தாண்டிவிடும். இந்த மூன்று வாரத்தில் அது நகர்வது, சூரியனையே அளவாக வைத்து அடுக்கினால் நாலு சூரியன் அகலம். மார்ச்சில் ஒரே நாளில் ஏறக்குறைய முக்கால் சூரியன் அகலம் நகரும், அப்போது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. டிசம்பரில் மறையும் இடத்துக்கும் ஜூனில் மறையும் இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. மறையும் சூரியனைத்தான் பாருங்கள், அதையும் உற்றுப் பார்க்க வேண்டாம். மேலே இருக்கும் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

நிழல் பார்ப்பதற்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு பிவிசி குழாய் ஒன்று போதும். பழைய பெயின்ட் வாளியில் மணல் கொட்டி, குழாயின் ஒரு மீட்டர் தரைமட்டத்துக்கு மேல் இருக்கும்படி நட்டேன். செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டு இருந்தால் நல்லது. என்னிடம் இல்லை. நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டேன், அதுவே போதுமானதாக இருந்தது. தரை மட்டமாக இருக்க வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர் ஓடக் கொடுத்த வாட்டத்தை மறந்துவிட்டு ஒரு வாரம் குறித்த அளவெல்லாம் வீணாகப் போனது. பிறகு பக்கத்தில் கட்டிட வேலை நடந்த இடத்தில் ரசமட்டம் கேட்டு வாங்கி, வாளிக்கும் நிழல் விழும் பலகைக்கும் கீழே ஓட்டுச் சில்லு வைத்து மட்டம் பார்த்தேன். இன்னொரு தப்பும் செய்தேன். கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு நிழலை அளந்தேன். மேலே சொன்ன கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. 12-லிருந்து 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்துக்கொண்டே போனால், நிழல் குறுகிக் குறுகி வந்து மறுபடி நீளத் தொடங்கும். ஆகக் குட்டை நிழல்தான் அன்றைய உச்சிப்பொழுது. அது விழும் கோடு துல்லியமான வடக்கு தெற்கு. அந்த நேரம் வாரத்துக்கு வாரம் தள்ளிப் போவதையும் இதே புள்ளிகளில் பார்த்துவிடலாம்.

கோல் நட்டு நிழல் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுக்கத் திசை பார்த்தபோது இரண்டு கோல் நட்டு நிழலைக் கவனித்ததை நெடுநல்வாடை சொல்கிறது. அவர்களிடம் பிவிசி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மீட்டர் குழாயின் உச்சிப்பொழுது நிழல் மதுரையில் இப்படி வரும்: டிசம்பர் 21-ல் 66 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. பொங்கலன்று 61. பிப்ரவரி நடுவில் 42. மார்ச் 20-ல் 17, 18. நிமிடக் கணக்கில் கண்ணுக்குப் படாத மாற்றம் இங்கே சாண் கணக்கில் தெரிகிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். மாடு வரப்போரம் நிற்கிறது.

மகளிடம் சாயங்காலம் பாயை விரித்துத்தான் விளக்கினேன். நிஜப் பாய். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப ஜனவரி 30 தாண்டுனா வேன் வர்றப்ப வெளிச்சம் வந்துருமா?" என்றாள். வரும், ஆனால் மெதுவாக. பிப்ரவரி நடுவில்கூட உதயம் 6.37. மார்ச் 20-ல் 6.22. அப்போது மறைவு 6.28. பகலும் இரவும் சமம் என்று சொல்லும் நாளில் பகல் 12 மணி நேரத்தைவிட ஐந்தாறு நிமிடம் கூடுதலாக இருப்பதைக் கவனித்தீர்களா? சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே காற்று அதன் ஒளியை வளைத்து நமக்குக் காட்டிவிடுகிறது. தவிர, வட்டத்தின் மேல் விளிம்பு எட்டிப் பார்த்தாலே உதயம் என்று கணக்கு வைக்கிறோம். இதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும்.

இப்போது குழாய் அவள் பொறுப்பில் இருக்கிறது. சனி, ஞாயிறு மதியம் புள்ளி வைக்கிறாள், பக்கத்தில் தேதி எழுதுகிறாள். சித்திரை பிறந்து ஓரிரு நாளில், ஏப்ரல் 15, 16 வாக்கில், மதியம் 12.17-க்கு மதுரையில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும். அன்றைக்குக் குழாயின் நிழல் வாளிக்குள்ளேயே விழுந்துவிடும், சாக்பீஸால் குறிக்க ஒன்றும் இருக்காது. ஜூனில் நிழல் தெற்குப் பக்கம் 24 சென்டிமீட்டர் நீண்டு கிடக்கும். அதற்கு மாடியின் அந்தப் பக்கம் இருக்கும் துளசித் தொட்டியை நகர்த்த வேண்டும். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.